டிஃப் லாக் விடுபடவில்லை, "தவறான பயன்பாடு" என்று நீங்கள் எழுதியதை நான் ஏற்கவில்லை

வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன் செய்து, மெயில் போட்டு, நேரில் வந்து நின்று, எல்லாம் முடிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் புகார் எண் தருகிறீர்கள், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வைக்கிறீர்கள், சொல்லி முடித்ததும் "சம்பந்தப்பட்ட டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பியிருக்கோம் சார்" என்கிறீர்கள். அந்த டிபார்ட்மென்ட்டிலிருந்து இதுவரை ஒருவர்கூட என்னிடம் பேசவில்லை. தயவுசெய்து இந்த ஒரு கடிதத்தையாவது கடைசிவரை படியுங்கள்.

என் வண்டியின் பின் ஆக்சிலில் உள்ள டிஃபரன்ஷியல் லாக், அதாவது இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் பூட்டு, பூட்டியபடியே நின்றுவிட்டது. சுவிட்சை அணைத்தும் டேஷ்போர்டில் அந்த ஆரஞ்சு விளக்கு அணையவில்லை. வண்டி வாரண்டி காலத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டில் "வாடிக்கையாளரின் தவறான பயன்பாடு" என்று எழுதி, வாரண்டி செல்லாது, ஆக்சில் வேலை மொத்தத்துக்கும் நான்தான் பணம் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது.

நான் அதை எப்படிப் பயன்படுத்தினேன் என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா? யாரும் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன். மழையில் ஊறிய மண்பாதை, நடுவில் ஆழமான சக்கரத்தடம், அதைத் தாண்டி ஏற்றம். சேற்றில் இறங்கும் முன்பே, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்தினேன். நியூட்ரலில் வைத்து ஃபோர் லோவுக்கு, அதாவது நான்கு சக்கரமும் குறைந்த கியரில் இழுக்கும் நிலைக்கு, மாற்றினேன். ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொண்டு டிஃப் லாக் சுவிட்சை அழுத்தினேன். விளக்கு மினுக்கியது. மினுக்கினால் கட்டளை போய்விட்டது, உள்ளே பற்கள் இன்னும் ஒன்றோடொன்று கோக்கவில்லை என்று அர்த்தம், இது உங்களுக்கே தெரியும். நடக்கும் வேகத்தில் கொஞ்சம் முன்னால் நகர்த்தியதும் விளக்கு நிலையாக எரிந்தது. அதற்குப் பிறகுதான் ஏறினேன். ஒரு சக்கரம்கூட வீணாகச் சுழலவில்லை. மேலே கெட்டித் தரைக்கு வந்ததும் சுவிட்சை அணைத்தேன். விளக்கு போகவில்லை. பளுவில் பற்கள் இறுகியிருக்கலாம் என்று கொஞ்சம் பின்னால் எடுத்துப் பார்த்தேன், ஸ்டீயரிங்கை மெதுவாக இடதும் வலதும் அசைத்து நகர்த்திப் பார்த்தேன். ம்ஹூம். இதில் எது தவறான பயன்பாடு? ஒன்றைக் காட்டுங்கள், நான் பணத்தைக் கட்டிவிடுகிறேன்.

அங்கிருந்தே உங்கள் 24 மணி நேர உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். எடுத்தவருக்கு டிஃப் லாக் வேறு, ஃபோர் லோ வேறு என்பதே தெரியவில்லை. ஃபோர் லோவை எடுத்துவிட்டால் லாக்கும் போய்விடும் என்றார். எடுத்துப் பார்த்தேன், போகவில்லை. உடனே அவர் சொன்னது: "நல்லா ஆக்சிலரேட்டர் குடுங்க சார், சக்கரம் சுத்துச்சுன்னா தானா விட்டுடும். இல்லைன்னா அப்படியே ரோட்ல ஓட்டிட்டு வாங்க, ஒண்ணும் ஆகாது." இதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. லாக் விழுந்த ஆக்சிலில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிடிப்பு கிடைத்தால் அந்த ஆக்சிலுக்கு வரும் மொத்த முறுக்கு விசையும் அந்த ஒரே ஷாஃப்ட்டில்தான் இறங்கும். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஷாஃப்ட் முறியலாம், இல்லையென்றால் பற்கள் உடையலாம். உங்கள் கம்பெனியின் பெயரைச் சொல்லிப் போன் எடுத்த ஒருவர், உங்கள் வண்டியை உடைக்கும் வழியை எனக்குச் சொல்லித் தருகிறார். அந்த அழைப்பு பதிவாகியிருக்கும். எடுத்துக் கேளுங்கள்.

நான் ரோட்டில் ஓட்டவில்லை. ரெக்கவரி வண்டி அனுப்பச் சொன்னேன், மண்பாதையில் நின்றால் அது திட்டத்துக்குள் வராது என்றார்கள். இருட்டும்வரை காத்திருந்து, சொந்தக் காசில் வேறு ஒரு வண்டியை வரவழைத்து, அதன் முதுகில் ஏற்றித்தான் உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தேன். கேட்டில் உள்ள பதிவேட்டில் அது எழுதப்பட்டிருக்கிறது, கையெழுத்தும் போட்டேன்.

அப்புறம் நடந்ததுதான் என்னால் மறக்க முடியாதது. லாக் விடுபடவில்லை, இறக்கியதும் வளைக்காதீர்கள், நேராகத் தள்ளிக்கொண்டு போங்கள் என்று சொன்னேன். உங்கள் ஆள் காதிலேயே வாங்காமல் இன்ஜினைப் போட்டு, காம்பவுண்டுக்குள் முழு ஸ்டீயரிங் ஒடித்து வளைத்தார். பின்பக்கம் குதித்தது, டயர் கத்தியது, உங்கள் சிமெண்ட் தரையில் வளைவாக ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. மறுநாள் அதே டயரைக் காட்டி சர்வீஸ் அட்வைசர் சொல்கிறார், "டயர் தேய்ஞ்சிருக்கு பாருங்க சார், நீங்க லாக் போட்டுட்டு ரோட்ல ஓட்டியிருக்கீங்க." அந்தக் கறுப்புக் கோடு அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

இது நியாயமா?

அந்த அட்வைசரைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். கேள்வி கேட்டதும் பில்லிங் கவுண்டரில் நின்ற மற்ற வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்த சுவிட்செல்லாம் தெரிஞ்சவங்களுக்குத்தான் சார், தெரியலைன்னா தொடக்கூடாது" என்றார். தெரியலைன்னா தொடக்கூடாதாம். என்னிடம் இப்படிச் சொன்னவருக்கு எவ்வளவு தெரியும் என்று அடுத்த பத்து நிமிடத்தில் பார்த்தேன். வண்டியை லிஃப்ட்டில் ஏற்றினார்கள். நியூட்ரலில் வைத்து இடது பின்சக்கரத்தை ஒரு மெக்கானிக் தம்பி கையால் சுற்றினார். வலது சக்கரமும் அதே திசையில் கூடவே சுற்றியது. அதைப் பார்த்துவிட்டு அட்வைசர், "பாருங்க, ரெண்டும் சுத்துது, லாக் விட்டுடுச்சு, நல்லாத்தான் இருக்கு" என்றார். ஐயா, லாக் விட்டிருந்தால் ஒரு சக்கரத்தை முன்னால் சுற்றும்போது மற்றது பின்னால் சுற்ற வேண்டும்! இரண்டும் ஒரே திசையில் போகிறது என்றால் பூட்டியே இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தம்பிக்குத் தெரிந்திருந்தது. அவர் அட்வைசர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அதே தம்பிதான் ஆக்சுவேட்டருக்கு, அதாவது லாக்கைப் பூட்டித் திறக்கும் பாகத்துக்கு, போகும் கனெக்டரைக் கழற்றினார். நான் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். உள்ளே ஈரம், பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது, ரப்பர் சீல் ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. உங்கள் ஆக்சுவேட்டர் மோட்டாரில் இயங்குவது. மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை என்றால் அது எங்கே இருந்ததோ அங்கேயே நின்றுவிடும், லாக்கும் பூட்டியபடியே நிற்கும். காரணம் கண் முன்னால் இருக்கிறது. சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கவென்றே விற்கிற வண்டியில் ஒரு கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்தால் அது யாருடைய குறை? அந்த வண்டியில் அந்தச் சீலைப் போட்டது நானா? போட்டோ எடுக்கப் போனேன், ஒர்க்ஷாப்புக்குள் போட்டோ எடுக்கக் கூடாது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். ஜாப் கார்டில் களிம்பைப் பற்றியோ சீலைப் பற்றியோ ஒரு எழுத்து இல்லை.

வண்டி டெலிவரி எடுத்த அன்றே உங்கள் ஷோரூமில் இது ஆரம்பித்துவிட்டது என்றுதான் இப்போது தோன்றுகிறது. சாவி கொடுத்தவர் இந்த சுவிட்சைக் காட்டி, "சக்கரம் மாட்டிக்கிட்டு சுத்தும்போது இதை அழுத்துங்க, மழை நாள்ல ஹைவேலயும் போட்டுக்கலாம், வளைவுல நல்லா கிரிப் கிடைக்கும்" என்றார். இரண்டுமே தவறு, இரண்டாவதாகச் சொன்னது ஆளையே கொல்லும். சுழலும் சக்கரத்தோடு லாக்கைப் போட்டால் பற்கள் அடிபடும், அதனால்தான் மாட்டிக்கொள்வதற்கு முன்பே போட வேண்டும், மாட்டிக்கொண்டு விட்டால் காலை எடுத்து, சக்கரம் நின்ற பிறகு போட வேண்டும். ஹைவேயில் போடுவதைப் பற்றி என்ன சொல்வது? வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் என்று வைத்தால், ஒரு 90 பாகைத் திருப்பத்திலேயே வித்தியாசம் ஏறத்தாழ 2.4 மீட்டர். அந்த வித்தியாசத்தைக் கொடுக்கத்தான் டிஃபரன்ஷியலே இருக்கிறது. பூட்டிவிட்டால் அந்த 2.4 மீட்டரை டயர்தான் தரையில் தேய்ந்து ஈடுகட்ட வேண்டும், வண்டி திரும்பாமல் நேராகத் தள்ளிக்கொண்டு போகும். போதாததற்கு லாக் விழுந்ததும் ஏ.பி.எஸ்., ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் விளக்குகள் எரிந்து அவை வேலை செய்யாமல் போகின்றன, உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. புதிதாக வண்டி வாங்கிய ஒரு பையன் அந்த ஷோரூம்காரர் பேச்சை நம்பி மழையில் வளைவில் லாக்கைப் போட்டிருந்தால்? இதை நினைத்தால்தான் என் பணம் போனதைவிட அதிகமாகக் கோபம் வருகிறது.

பக்கவாட்டில் சரிந்த தரையில் பூட்டிய ஆக்சில் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாக வழுக்கவிட்டு வண்டியைக் கீழ்ப்பக்கமாக இழுக்கும், அங்கே கவனம் வேண்டும். முன் ஆக்சிலிலும் லாக் உள்ள வண்டியில் அதைப் போட்டால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும், அதனால் பின்னதை முதலில் போட வேண்டும், வேலை முடிந்ததும் முன்னதை முதலில் எடுக்க வேண்டும். இவையெல்லாம் எனக்கே தெரியும்போது, இந்த வண்டியைச் செய்து விற்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. உங்கள் இன்ஜினியர்களுக்குத் தெரிந்தது உங்கள் கவுண்டரில் இருப்பவருக்கு ஏன் போய்ச் சேரவில்லை?

வண்டி உங்களிடம் நிற்கிறது, நான் கையொடிந்தவன் போல உட்கார்ந்திருக்கிறேன். என் வேலை எல்லாம் ரோடு முடிகிற இடத்துக்கு அப்பால்தான், இந்த வண்டி இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. கையில் இருந்த வேலை எல்லாம் போய்விட்டது, வாடகை வண்டிக்குக் கொடுத்தே ஓட்டாண்டி ஆகிவிட்டேன், வீட்டில் நிம்மதி போய்விட்டது. நாளை இந்த வண்டியை விற்கப் போனால் சர்வீஸ் ஹிஸ்டரியில் "தவறான பயன்பாடு" என்று நிற்கும், அதன் பிறகு யார் வாங்குவார்? என் வாழ்நாள் சேமிப்பின் மதிப்பை ஒரே வரியில் அழித்துவிட்டீர்கள்.

இருந்தாலும் மரியாதையாகவே கேட்கிறேன். சண்டை போட எனக்கும் ஆசை இல்லை, தெம்பும் இல்லை. அந்த வரியை ஜாப் கார்டிலிருந்தும் உங்கள் கணினியிலிருந்தும் நீக்குங்கள். கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியரை அனுப்பி, நான் கூட நிற்கும்போது, கனெக்டரையும் ஆக்சுவேட்டரையும் லாக்கின் நிலையைச் சொல்லும் சென்சாரையும் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள். காம்பவுண்டுக்குள் வளைத்து ஓட்டியதில் ஆக்சிலுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதுவும் உங்கள் பொறுப்பு, டயரும் உங்கள் பொறுப்பு. நான் கொடுத்த ரெக்கவரி கூலியைத் திருப்பிக் கொடுங்கள். அந்தச் சீல் மடிவது என் வண்டியில் மட்டுமா, அதே மாதத்தில் செய்த மற்ற வண்டிகளிலுமா என்று பாருங்கள், இதை எனக்காக மட்டும் கேட்கவில்லை.

இதற்கும் "அனுப்பியிருக்கோம் சார்" என்றுதான் பதில் என்றால், நான் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். கேட் பதிவேடு, உதவி எண்ணின் அழைப்புப் பதிவு, காம்பவுண்டு கேமரா பதிவு மூன்றையும் அங்கே கேட்பேன். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு கேமரா பதிவு அழிந்துவிட்டது என்று சொன்னால் அதையும் நீதிபதியிடமே சொல்லிக்கொள்ளுங்கள். அந்த மெக்கானிக் தம்பியை இதற்காக யாராவது தொந்தரவு செய்தால் அதையும் சும்மா விட மாட்டேன், உங்கள் இடத்தில் வேலை தெரிந்து பேசியது அவர் கை ஒன்றுதான்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள், போனில் வேண்டாம். முடிவெடுக்க அதிகாரம் உள்ளவர் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். அந்த அட்வைசர் மட்டும் இனி என்னிடம் பேச வேண்டாம், "தெரியலைன்னா தொடக்கூடாது" என்று சொன்னதற்கு அவர் மன்னிப்புக் கேட்கிறார் என்றால் அதையும் எழுதியே அனுப்பச் சொல்லுங்கள். இன்ஜினியர் வரும் நாளை ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் போதும், நான் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் வண்டி எண்ணும் ஜாப் கார்டில் உள்ளன)