கரித்துணியான சட்டை

கண்ணு கார்த்தி,

நேற்று போனில் "அந்தப் பெட்டியில் இருக்கிறதையெல்லாம் தூக்கிப் போட்டுடுங்கம்மா, எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சரி, போட்டுவிடலாம் என்றுதான் நானும் உட்கார்ந்தேன். மேலே உன் பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டுகள், ஒரு காது அறுந்த ஹெட்போன், யாரோ கொடுத்த கோப்பை. எல்லாவற்றுக்கும் அடியில், நான் மடித்து வைத்த மடிப்பு கலையாமல் அந்த 34ஆம் நம்பர் சட்டை. நம் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் டேவிட் ஆர்ட்டிஸ் சட்டை. அதைக் கையில் எடுத்ததும் நீ பதின்மூன்று வயதில் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி ஞாபகம் வந்துவிட்டது. நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்கு உனக்கு நான் பதில் சொல்லவில்லை, "வாயை மூடிக்கொண்டு சாப்பிடு" என்று அதட்டினேன்.

அதற்கு முன்னால் 2004ஐச் சொல்ல வேண்டும். இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு பேஸ்பாலும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. அப்பாவுக்கோ கிரிக்கெட்டைத் தவிர எதுவுமே விளையாட்டு இல்லை. பகல் முழுக்க வீட்டில் தனியாக இருந்தபோது பேச்சுத் துணைக்கு ரேடியோவைப் போட்டு வைப்பேன், அதில் ரெட் சாக்ஸ் ஆட்டத்தை வர்ணிக்கும் ஜோ காஸ்டிலியோனி என்ற அந்த மனுஷர் பேசிக்கொண்டே இருப்பார். எனக்கு இங்கிலீஷ் சரளமாக வந்ததே அவர் புண்ணியத்தில்தான். (போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவர் ஓய்வு பெற்றபோது சொந்தக்காரர் யாரோ ஊரைவிட்டுப் போன மாதிரி இருந்தது.) நீ பிறந்த பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து கேட்க ஆரம்பித்தோம்.

அந்த அக்டோபர் ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? முந்தின நாள்தான் நம் பரம எதிரி நியூயார்க் யாங்கீஸ் நம்மை 19-8 என்று துவைத்துக் காயப்போட்டிருந்தார்கள். மூன்று ஆட்டமும் தோல்வி, இன்னும் ஒன்று தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பா காலை ஷிஃப்டுக்குப் போக வேண்டும் என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். நீ சமையலறை மேசைக்கு அடியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், நான் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உளுந்து அலசிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பின்னால், எதிரே அவர்கள் பிட்சர் மரியானோ ரிவேரா. நம் ஆள் ஒருவன் முதல் பேஸுக்குப் போனதும் அவனுக்குப் பதிலாக டேவ் ராபர்ட்ஸை ஓடவிட்டார்கள். அவன் இரண்டாவது பேஸைத் திருடத்தான் வந்திருக்கிறான் என்று மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், ரிவேராவுக்கும் தெரியும், இருந்தும் திருடினான். அப்புறம் பில் மியூலர் அடித்தான், சமன். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஆர்ட்டிஸ் ஹோம் ரன் அடித்தபோது மணி ஒன்று தாண்டியிருந்தது. நீ எழுந்த வேகத்தில் மேசையில் தலையை இடித்துக்கொண்டாய், நான் அலசின உளுந்தை சிங்க்கில் கொட்டிவிட்டேன். அடுத்த மூன்றையும் ஜெயித்து, உலகக் கோப்பையையும் தூக்கினார்கள். 1918க்குப் பிறகு 86 வருஷம் கழித்து. அந்த யாங்கீஸ் தொடரிலேயே அவர்கள் ஆள் அலெக்ஸ் ரோட்ரிகஸ் நம் பிட்சரின் கையில் இருந்த பந்தைத் தட்டிவிட்டானே, அதை எத்தனை தடவை நடித்துக் காட்டியிருப்போம், தோசைக் கரண்டியை நான் பிடித்துக்கொள்ள நீ வந்து தட்டிவிடுவாய்.

அந்த ரோட்ரிகஸ் 2003 டிசம்பரில் நம்மிடம் வந்திருக்க வேண்டியவன். பேச்சு முடிந்து, சம்பளத்தைக் குறைத்துக்கொள்ள அவனும் சம்மதித்து, ஆட்டக்காரர் சங்கம் கூடாது என்று நிறுத்தியது. இரண்டே மாதத்தில் யாங்கீஸ் கொத்திக்கொண்டு போனார்கள். வந்திருந்தால்? அவனும் நம் வீட்டுப் பிள்ளை ஆகியிருப்பான், தோசைக் கரண்டி நாடகத்துக்கு வேறு யாரையாவது தேடியிருப்போம். அவன்மேல் எனக்கு இருந்த வெறுப்பெல்லாம் ஒரு சங்கத்துக் கையெழுத்தில் வந்தது என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

2009 பிப்ரவரியில், டெக்சாஸில் ஆடிய காலத்தில் ஊக்கமருந்து எடுத்தேன் என்று அவன் ஒத்துக்கொண்டபோது நான் சிரிக்கவில்லை, கொண்டாடினேன். பாயசம்தான் வைக்கவில்லை. மே மாதம் நம் பழைய ஆள் மேனி ராமிரஸுக்கும் ஊக்கமருந்துக்காக 50 ஆட்டத் தடை. அவன் அதற்கு முந்தின வருஷமே லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போய்விட்டானே, நம் அணியின் பயண ஏற்பாடு பார்க்கும் பெரியவரைப் பிடித்துத் தள்ளிவிட்டு, ஆடமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு, கடைசியில் தொலைந்தால் போதும் என்று அனுப்பி வைத்தோம். அவனிடம் பிடிபட்டது எச்சிஜி என்ற ஹார்மோன் மருந்து. நான் அப்போது மருந்துக்கடையில் வேலை பார்த்தேன், அந்த மருந்தை எனக்கு நன்றாகத் தெரியும். சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடி, தண்ணீர் கலந்து ஊசி போட வேண்டும். குழந்தைக்காக ஏங்கும் பெண்கள் வந்து, பணம் கட்டிவிட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவார்கள். ஸ்டீராய்டு எடுத்து நிறுத்தும் ஆண்கள் உடம்பில் சுரப்பு நின்றுபோயிருக்கும், அதைத் திரும்பக் கிளப்பவும் இதையே போட்டுக்கொள்வார்கள் என்று கூட வேலை பார்த்தவர் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு வந்த வேகத்தில் உன்னுடைய 24ஆம் நம்பர் மேனி சட்டையைக் கத்தரியால் நான்காக வெட்டிக் கரித்துணி ஆக்கினேன். நீ நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். ஏன் என்று கேட்டாய், ஏமாற்றுக்காரன் சட்டை நம் வீட்டில் இருக்கக் கூடாது என்றேன்.

ஜூலை 30 வந்தது. 2003இல் ஆட்டக்காரர்களுக்கு நடத்திய ஊக்கமருந்துப் பரிசோதனையில் மாட்டியவர்கள் பட்டியலில் மேனி பெயர் இருக்கிறது, ஆர்ட்டிஸ் பெயரும் இருக்கிறது என்று நியூயார்க் பேப்பரில் செய்தி. அன்றைக்கு மத்தியானமே ஆர்ட்டிஸ் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தான், எனக்குக் கைதட்ட வரவில்லை. ராத்திரி உன் ஆர்ட்டிஸ் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துப் பீரோவில் வைத்தேன். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு நீ கேட்டாய்: "அது கரித்துணி, இது மட்டும் பீரோவிலயா?"

அதுதான் அந்தக் கேள்வி. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று ஊரில் சொல்வார்கள், நான் மாமியார் ஆவதற்குப் பல வருஷம் முன்னாலேயே அந்த வேலையைச் செய்திருக்கிறேன்.

இத்தனை வருஷத்தில் ஆர்ட்டிஸுக்காக வக்கீல் மாதிரி நிறையப் படித்து வைத்திருக்கிறேன். அந்த 2003 பரிசோதனை தண்டிப்பதற்காக நடத்தியது இல்லை, ஐந்து சதவீதத்துக்கு மேல் மாட்டினால் அடுத்த வருஷத்திலிருந்து தண்டனையோடு பரிசோதனை என்று சங்கத்தோடு பேசி, பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்து எடுத்தது. இன்னொரு வழக்குக்காக வந்த அரசாங்க ஆட்கள் அந்தப் பட்டியலை அள்ளிக்கொண்டு போனார்கள், பெயர்கள் கசிந்தன. எந்த மருந்து என்று ஆர்ட்டிஸ் விஷயத்தில் யாரும் சொல்லவே இல்லை. கடையில் விற்கும் சத்துப் பொடிகளைக் கவனமில்லாமல் வாங்கிச் சாப்பிட்டேன், ஸ்டீராய்டு வாங்கவும் இல்லை போடவும் இல்லை என்றான். தண்டனை வந்த பிறகு ஒரு தடவைகூட மாட்டவில்லை. அந்தப் பட்டியலில் பத்துப் பேருக்குக் குறையாமல் முடிவே சந்தேகத்துக்கு இடமானது என்று 2016இல் கமிஷனரே சொன்னார். இதெல்லாம் உண்மை. ஆனால் கண்ணு, இதில் ஒன்றுகூட அந்த ஜூலை ராத்திரி எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் இஸ்திரி போட்டேன். காரணமெல்லாம் அப்புறம் தேடிப் பிடித்தது. ரோட்ரிகஸ் பக்கம் இப்படி ஏதாவது வாதம் இருக்கிறதா என்று நான் ஒரு நாளும் தேடிப் பார்த்ததில்லை. (அவன் மறுபடியும் மாட்டி 2014 முழுக்க வெளியே உட்கார்ந்தான், அது வேறு கதை.)

ரோஜர் கிளெமென்ஸையே எடுத்துக்கொள். 13 வருஷம் நமக்கு ஆடியவன், இரண்டு தடவை ஒரே ஆட்டத்தில் 20 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தவன். டொராண்டோவுக்குப் போனான், பிறகு யாங்கீஸ். 2007 டிசம்பரில் ஊக்கமருந்து பற்றி விசாரித்த மிட்செல் அறிக்கை வந்து 89 பேர் பெயர் வெளியானபோது அவன் பெயரைத்தான் முதலில் தேடினேன், இருந்ததும் திருப்தி. அந்த மிட்செலுக்கு ரெட் சாக்ஸ் நிர்வாகத்தில் பதவி உண்டு என்று யாங்கீஸ்காரர்கள் கத்தினார்கள், வயிற்றெரிச்சல் என்றேன். 2022இல் பெரிய ஆட்டக்காரர்களுக்கான புகழ் மண்டபம், ஹால் ஆஃப் ஃபேம், அதற்கான ஓட்டு எண்ணிய அதே நாளில் ஆர்ட்டிஸுக்கு 77.9 சதவீதம், முதல் வருஷமே உள்ளே, கிளெமென்ஸுக்கு 65.2, பத்தாவது வருஷம், கதவு சாத்தியாயிற்று. மருந்து விஷயத்தில் பொய் சொன்னான் என்ற வழக்கில் கோர்ட்டில் விடுதலை ஆனவன் வெளியே. ஓட்டுப் போட்ட பத்திரிகைக்காரர்கள் வீட்டிலும் ஒரு பீரோவும் ஒரு கரித்துணியும் இருந்திருக்கும் போல.

உண்மையைச் சொல்லட்டுமா, மருந்து விஷயம்கூட எனக்கு ஆறிவிட்டது, நம் ஆட்டக்காரன் மூக்கி பெட்ஸ் விஷயம் ஆறவில்லை. 2018இல் கோப்பையும் வாங்கி, லீகின் சிறந்த ஆட்டக்காரனாகவும் வந்தவனை, சம்பள வரம்புக்கு மேல் வரி கட்ட வேண்டியிருக்கிறது என்று 2020 பிப்ரவரியில் டாட்ஜர்ஸுக்குத் தள்ளினார்களே! பதிலுக்கு வந்த மூன்று பேரில் ஒரு பையனுக்கு ஜீட்டர் என்று பெயர், யாங்கீஸ் கேப்டன் நினைவாக வைத்தது. வயிற்றில் அடித்தது போதாதென்று கேலி வேறு. டாட்ஜர்ஸ் அவனுக்கு 12 வருஷத்துக்கு 36.5 கோடி டாலர் கொடுத்தார்கள், அந்த அக்டோபரிலேயே கோப்பையை வாங்கினார்கள், அங்கே மேனேஜர் யார் தெரியுமா, நம் டேவ் ராபர்ட்ஸ். 1919இல் ஒரு லட்சம் டாலருக்கு பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்ற நம் பழைய முதலாளி நாடகக்காரர், கடன்காரர், அவரையாவது மன்னிக்கலாம். இப்போதைய முதலாளிகளுக்கு என்ன குறை? போன வருஷம் ஜூனில் யாங்கீஸை மூன்று ஆட்டத்திலும் தோற்கடித்து நாம் பாயில் உட்காரக்கூட இல்லை, அன்று சாயங்காலமே நம் ஆட்டக்காரன் டெவர்ஸை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் பேஸில் நிற்க மாட்டேன் என்று அவன் முரண்டு பிடித்ததும் தப்புதான், இருந்தாலும்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், எடிசனில் இருக்கும் சம்பந்தியம்மா பாப்பாவுக்கு யாங்கீஸ் தொப்பி போட்டு போட்டோ அனுப்பினார்கள் அல்லவா, நான் பதிலே போடவில்லை, அதில் நித்யாவுக்கு வருத்தம் என்று நீ அப்பாவிடம் சொன்னாயாம். வருத்தம் நியாயம்தான். போன அக்டோபரில் யாங்கீஸோடு நடந்த பிளேஆஃப் மூன்றாவது ஆட்டத்தில் நம்மை எட்டு இன்னிங்ஸ் ஒரு ரன்னும் எடுக்கவிடாமல் 12 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து வீட்டுக்கு அனுப்பினானே அந்த ஷ்லிட்லர் பையன், அவன் வால்போலில் வளர்ந்தவன், நம் வீட்டிலிருந்து அரை மணி நேர வண்டி தூரம். அவன் அம்மாவும் யாங்கீஸ் தொப்பி வாங்கித்தான் இருப்பார்கள், என்ன செய்வது. அன்றைக்கு டிவியைப் பாதியில் அணைத்தேன், அப்புறம் மனசு கேட்காமல் திரும்பப் போட்டேன். நன்றாகத்தான் எறிந்தான்.

சம்பந்தியம்மாவுக்கு இன்று காலை பதில் போட்டுவிட்டேன், தொப்பி அழகாக இருக்கிறது, காது மூடுகிற மாதிரி ஒன்று வாங்கினால் குளிருக்கு நல்லது என்று. ஆர்ட்டிஸ் சட்டையைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, பருப்புப் பொடியோடு பார்சலில் வைத்திருக்கிறேன். பீரோவில் வைத்துக்கொள்வாயோ தரை துடைப்பாயோ, அது உன் இஷ்டம். மேனி சட்டையில் கடைசித் துண்டு அடுப்படியில் 2015 வரைக்கும் இருந்தது, 24இல் அந்த 4 மட்டும். நல்ல துணி. தண்ணீரை நன்றாக உறிஞ்சும்.

பார்சல் புதன்கிழமை வரும், வீட்டில் ஆள் இருக்கச் சொல்.

அம்மா