உதடு மட்டும் அசைந்தவளுக்கும் இடம் கொடுங்கள்: எங்கள் ஆராதனைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நம் சபைச் சேகரத்தின் ஆராதனைக் குழுவில் பாட்டு நடத்தும் தம்பி தங்கைகளுக்கும், போதகர் ஐயரவாளுக்கும், சபைக் கமிட்டியாருக்கும் ஸ்தோத்திரம்.

உங்களில் பாதிப் பேருக்கு மூன்றாம் வகுப்பில் கையெழுத்துத் திருத்தியவள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன். சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கைகூப்பும் பொம்மைகளுக்கு அடியில் போய்விடும். அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி மடலாகவே எழுதிவிட்டேன்.

ஞாயிறு காலை ஆராதனையின் தொடக்கத்தில் நீங்கள் மைக்கில் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றைத்தான். "இன்னும் சத்தமா!" "ரெண்டு கையையும் நல்லா உயர்த்தி!" "பக்கத்துல இருக்கவங்களப் பார்த்துச் சொல்லுங்க!" சொல்லாமல் நின்றால், "சில பேரு கோயிலுக்கு வந்தும் கல்லு மாதிரி நிக்கிறாங்க" என்று ஒரு குத்தலும் விழுகிறது. சபை முழு இருதயத்தோடு ஆராதிக்க வேண்டும் என்ற உங்கள் ஆசை நல்ல ஆசை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், யாருக்கு இருதயம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று சத்தத்தை வைத்து அளக்கும் வேலை உங்களுக்கு வேண்டாம். அந்த வேலையில் ஆசாரியர் ஏலியே தோற்றார்.

வேதாகமத்தில் ஒன்று சாமுவேல் முதல் அதிகாரத்தை மறுபடியும் எடுத்து வாசியுங்கள். சீலோவில் பண்டிகை. எல்கானா குடும்பத்தோடு பலியிட்டு, ஆளுக்கொரு பங்கு கொடுக்கிறார். எல்லாரும் சாப்பிடுகிறார்கள், பிள்ளை இல்லாத அவர் மனைவி அன்னாள் மட்டும் சாப்பிடாமல் அழுகிறாள். பிறகு எழுந்து போய் ஜெபிக்கிறாள். உதடுகள் அசைகின்றன, சத்தம் வெளியே வரவில்லை. ஆலயத்தின் வாசல் நிலை அருகே ஆசனம் போட்டு உட்கார்ந்திருந்த ஏலி அவள் வாயையே கவனித்துப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டுகிறார். அந்தக் காலத்தின் தலைமை ஊழியக்காரர், அனுபவசாலி, அவருடைய கண்ணுக்கே உண்மையான ஜெபம் குடிவெறியாகத் தெரிந்திருக்கிறது. இத்தனைக்கும் பலியிட வந்த ஜனங்களின் இறைச்சியை மூன்று கூருள்ள ஆயுதத்தால் குத்தி எடுத்துக்கொண்டு போன தன் சொந்தப் பிள்ளைகளை அவர் அடக்கவில்லை. ஓரமாய் நின்று அழுத பெண்ணை அதட்டுவதுதான் அவருக்குச் சுலபமாக இருந்தது. (இது கமிட்டியாருக்கும் சேர்த்து.)

அன்னாள் பாடவே இல்லையா? பாடினாள், இரண்டாம் அதிகாரத்தில். அதற்குள் பிள்ளை பிறந்து, பால் மறந்து, அவனைக் கொண்டுபோய்க் கர்த்தருடைய ஆலயத்தில் விட்டாயிற்று. நடுவில் வருஷங்கள் ஓடியிருக்கின்றன. முதல் அதிகாரத்தில் நிற்கிறவளை இரண்டாம் அதிகாரத்துப் பாட்டை இப்போதே பாடு என்று நீங்கள் அவசரப்படுத்துகிறீர்கள். என் வருத்தம் அதுதான்.

டிரம்ஸும் கீபோர்டும் வேண்டாம் என்று சொல்ல வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த லுத்தரன் மிஷனெரிமாரும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் ஜெர்மன் பாட்டுகளை அதே மெட்டில் தமிழாக்கித் தந்தார்கள். நம் ஜனங்களின் நாக்கு அந்த மெட்டுக்குள் நொண்டியது. திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, தஞ்சாவூரில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் ராகமும் தாளமும் வைத்துக் கீர்த்தனைகள் எழுதினார். இன்றைக்கு நாங்கள் "பழைய பாட்டு" என்று கட்டிக்கொண்டிருப்பதெல்லாம் ஒரு காலத்தில் புதுப் பாட்டுதான். ஆகையால் புதிது, பழையது என்ற சண்டை எனக்கு இல்லை. சுருதியை மட்டும் கொஞ்சம் இறக்கி வையுங்கள். நீங்கள் பிடிக்கிற உச்சத்துக்கு எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருத்தியாலும் ஏற முடியவில்லை. சபை பாடுவது உங்கள் காதில் விழாத அளவுக்கு ஸ்பீக்கர் அலறினால், அங்கே பாடுவது நீங்கள் மட்டும்தான், நாங்கள் கேட்க வந்தவர்கள் ஆகிவிடுகிறோம்.

என் மனதில் அதிகமாகக் கிடக்கிற விஷயம் வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் புகுந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. வாழை போயிற்று, ஆடு மாடு போயிற்று, பிள்ளைகளின் சர்டிபிகேட்டு பீரோவோடு நனைந்து கூழாயிற்று. அதற்கு அடுத்த ஆராதனையில் நம் கோயிலில் கேட்கப்பட்ட முதல் கேள்வி: "எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்களா?" சத்தம் வரவில்லை என்று இரண்டாம் தடவையும் கேட்கப்பட்டது. எனக்கு முன்வரிசையில் இருந்த அக்கா, ஆடுகள் அத்தனையையும் தண்ணீரில் விட்டவள், கையைத் தூக்கி "ஆமென்" என்றாள். அவள் சொன்னது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளதைச் சொல்ல அந்த ஆராதனையில் அவளுக்கு ஒரு வரிகூடக் கொடுக்கப்படவில்லை. நிவாரண அரிசி மூட்டையை இறக்கும்போது நீங்களெல்லாம் முழங்கால் சேற்றில் நின்றதை நான் பார்த்தேன். ஆராதனைக்குள் மட்டும் அந்தச் சேறு வரவில்லை.

வேதாகமத்தில் அந்த வரிகளுக்குப் பஞ்சமே இல்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அழுகையும் முறையீடும்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றே 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் கடைசி வரை புலம்பி, ஒரு ஸ்தோத்திரம்கூடச் சொல்லாமல் நின்றுவிடுகிறது. அதையும் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்து வைத்தவர்கள் விசுவாசம் குறைந்தவர்களா? ஆண்டவரே சிலுவையில் எடுத்தது "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியை. பெரிய வெள்ளி அன்று ஏழு வார்த்தைகளில் ஒன்றாக அதைத் தியானிக்கிறோம், மற்ற ஐம்பத்தியொரு வாரமும் அப்படி ஒரு ஜெபம் இருப்பதாகவே காட்டிக்கொள்வதில்லை.

ஆவியோடும் உண்மையோடும் தொழுதுகொள்ள வேண்டும் என்ற வசனத்தை நீங்கள் அடிக்கடி திரையில் போடுகிறீர்கள். அது யாரிடம், எப்போது சொல்லப்பட்டது? சீகார் கிணற்றடியில், நடுப்பகலில், ஆண்டவர் ஒரு சமாரியப் பெண்ணிடம் சொன்னது, அவள் வீட்டு நிலவரம் உள்ளபடி பேசப்பட்ட பிறகு. "உனக்குப் புருஷர் ஐந்துபேர் இருந்தார்கள்" என்று மெய்யான கதை முதலில் வெளியே வந்தது, எந்த மலையில் தொழுவது என்ற பேச்சு பிறகுதான் வந்தது. நம் கோயிலில் வீட்டு நிலவரத்தைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்கிறோம்.

இனி ஐயரவாளுக்கும் கமிட்டியாருக்கும். நம் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் உதயமானது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1950இல், புதிய திருச்சபைக்கென்று ஒரு திருவிருந்து ஆராதனை முறை வந்தது. அதில் ஒரு அருமையான காரியத்தைச் சேர்த்தார்கள். காணிக்கை பீடத்துக்குப் போகுமுன் சமாதானம் பகிர்வது. கேரளத்துச் சிரியன் சபைகளில் வழிவழியாக இருந்த வழக்கம் அது. ஐயர் பீடத்தண்டையில் தொடங்க, உள்ளங்கைக்குள் உள்ளங்கை வைத்து, ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு என்று கடைசி வரிசை வரை போகும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தில் ஆண்டவர் சொன்னதை ஆராதனைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார்கள். இன்று நம் ஊரில் அது நின்ற இடத்திலேயே நாலு பக்கமும் ஒரு கும்பிடு போடுவதாகிவிட்டது. கொரோனாவில் கையைத் தொடக் கூடாது என்றார்கள், சரி. கொரோனா போயும் கை திரும்பி வரவில்லை.

காரணம் நமக்குத் தெரியும். கைக்குள் கை வைக்க முடியாத ஆட்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். திருமண்டலத் தேர்தலில், அதாவது பிஷப்பின் கீழுள்ள சபைகளின் நிர்வாகத் தேர்தலில், இந்த அணி, அந்த அணி என்று நின்றவர்கள் தேர்தல் முடிந்தும் முகம் பார்ப்பதில்லை, ஆராதனை முடிந்ததும் ஒரு கூட்டம் கிழக்கு வாசலிலும் இன்னொரு கூட்டம் தெற்கு வாசலிலும் வெளியேறுகிறது. வேலிக் கல்லுக்காகக் கோர்ட்டுக்குப் போன குடும்பங்கள் இருக்கின்றன. இந்த நிலையில் இன்னொரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கத் தீர்மானம் போடுவதை ஆமோஸ் தீர்க்கதரிசி கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று அவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார். அவர் பேசியது ராகத்தைப் பற்றி இல்லை. தரித்திரரை மிதிக்கிறவர்கள் பண்டிகை கொண்டாடியதைப் பற்றி.

அதனால் கேட்கிறேன். தம்பி தங்கைகளே, பாட்டைத் தொடங்குங்கள், நாங்கள் சேர்ந்துகொள்கிறோம். கையைத் தூக்குவதும் தூக்காததும் எங்கள் விருப்பமாக இருக்கட்டும். ஊரில் ஒரு சாவோ வெள்ளமோ நடந்த வாரத்தில் முதல் பாட்டுக்கு முன் ஒரு புலம்பல் சங்கீதத்தை நிதானமாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும் கீபோர்டு தம்பி உடனே பின்னணி வாசிக்க வேண்டாம், கொஞ்ச நேரம் அப்படியே விடட்டும். ஐயரவாளே, வருகிற முதல் ஞாயிறு திருவிருந்தில் சமாதானத்தைப் பழையபடி கையில் கொடுங்கள். எங்கே போய் நின்றுவிடுகிறது என்று பார்ப்போம். எந்த வரிசையில் நிற்கிறதோ அந்த வீடுகளுக்கு அந்த வாரம் சந்திப்புக்குப் போக வேண்டியிருக்கும், கமிட்டியாரும் கூடப் போகட்டும்.

நேரம் போதாது என்று கமிட்டியில் ஒருவர் சொல்வார். ஆராதனையில் வாசிக்கிற சபை அறிவிப்புகளுக்கு இருபது நிமிஷம் ஆகிறது. அசனப் பண்டிகையின், அதான் நம் சபை விருந்தின், கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் பாதி நேரம் மிச்சமாகும், கணக்கையும் நாங்கள் நின்று நிதானமாகப் படிப்போம்.

கிறிஸ்துவுக்குள்,
தூணுக்குப் பக்கத்து வரிசையில் உட்காரும் உங்கள் டீச்சர்