பெயிண்ட் காசு யார் தலையில்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறப்பதற்குள் புது வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று, ஆனிக் கடைசியில் சென்னைத் தெருக்களில் குட்டியானை வண்டி நிற்காத நாளே இல்லை. சாமான் ஏறி முடிந்த பிறகுதான் வம்பு தொடங்கும். "பெயிண்டுக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்கறோம்" என்பார் வீட்டுக்காரர். எட்டு மாதம் இருந்தவருக்கும் அதே கணக்கு, எட்டு வருடம் இருந்தவருக்கும் அதே கணக்கு. குடியிருந்தவரும் ஊர் வழக்கம் என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்.

வழக்கம் அப்படி இருக்கலாம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 22.2.2019 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பழுது யாருடையது என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்தே சொல்கிறது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தேவைப்படும்போது தண்ணீர் பைப் மாற்றுவது, உள்ளும் புறமும் ஒயரிங், இவையெல்லாம் உரிமையாளர் பொறுப்பு. தண்ணீர் திறக்கும் டேப், அதன் வாஷர், சாக்கடை அடைப்பு, கழிவறை, வாஷ்பேசின், கீஸர் பழுதுகள், சுவிட்ச், பிளக், பூட்டு, கைப்பிடி, கொசுவலை, உடைந்த கண்ணாடி, இவை குடியிருப்பவர் பொறுப்பு. அந்தக் கணக்குப்படி பெயிண்ட் உரிமையாளருடையது. குடியிருப்பவர் சேதப்படுத்தியிருந்தால் அது வேறு. இயல்பான தேய்மானம் சேதமாகாது. வெயில் பட்டு வெளுத்த சுவர் தேய்மானம். கிரில் மாட்டத் துளைத்துப் பெயர்த்த சுவர் சேதம்.

ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அந்த வரியைத்தான் உரிமையாளர் எடுத்துக் காட்டுவார். கடைகளில் டைப் செய்து கொடுக்கும் ஒப்பந்தங்களில் 'காலி செய்யும்போது பெயிண்டிங் செலவுக்கு ஒரு மாத வாடகை' என்ற வரி பெரும்பாலும் முன்கூட்டியே இருக்கும். வாடகைத் தொகையும் தேதியும் சரியா என்று பார்க்கிறவர்கள் இந்த வரியைப் பார்ப்பதில்லை. அந்த வரியை அடித்து நீக்கச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் 'சேதம் இருந்தால், பில்லுக்கு உட்பட்டு' என்றாவது மாற்றச் சொல்லுங்கள்.

அதிகச் சண்டை ஓதத்தால், அதாவது சுவர் ஈரத்தால்தான் வருகிறது. "நீங்க ஜன்னலையே திறக்கறதில்ல" என்பார் ஒருவர், "உங்க வீடே ஒழுகுது" என்பார் இன்னொருவர். ஈரம் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தரையிலிருந்து முழங்கால், இடுப்பு உயரம் வரை பெயிண்ட் உப்பி, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் நிலத்து ஈரம் சுவர் வழியே ஏறுகிறது. அது கட்டடக் குறை, உரிமையாளர் பொறுப்பு. குளியலறைச் சுவரின் மறுபக்கம் மட்டும் நனைந்தால் பதித்த குழாயோ தரை ஓட்டின் இணைப்போ ஒழுகுகிறது. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தண்ணீர் வரும் குழாயில்தான் கசிவு. இறங்காவிட்டால் கழிவுநீர்க் குழாயையும் ஓட்டு இணைப்பையும் பார்க்க வேண்டும். இரண்டுமே உரிமையாளர் தலையில்தான். பீரோவுக்குப் பின்னாலும் கட்டிலை ஒட்டிய மூலையிலும் கரும்பூஞ்சை படர்ந்திருந்தால், பூட்டிய அறைக்குள் ஈரத்துணி காயப்போட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதற்கு வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. காரணத்தைச் சரிசெய்யாமல் மேலே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது அடுத்த ஐப்பசி மழை வரைதான் தாங்கும்.

பழுதைச் சொல்லியும் உரிமையாளர் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். எந்த மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. 12,000 ரூபாய் வாடகை வீட்டில் 15,000 ரூபாய் வேலை என்றால், மாதம் 6,000 வீதம் இரண்டு மாதம், மூன்றாவது மாதம் 3,000. குடியிருப்பவர் தன் பங்குப் பழுதைச் செய்யாவிட்டால் உரிமையாளர் செய்துவிட்டு அட்வான்ஸில் பிடிக்கலாம். இரண்டுக்கும் எழுத்து வேண்டும். மாடிப்படியில் பார்த்தபோது வாயால் சொன்னது எங்கும் நிற்காது. குறைந்தது வாட்ஸ்அப்பில் படத்தோடு தேதி தெரிய அனுப்புங்கள்; பெரிய வேலை என்றால் பதிவுத் தபால்.

அட்வான்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது தவறு என்று சொல்லும் சட்டம், 'வேறு ஒப்பந்தம் இல்லாதவரை' என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் அந்தக் கதவு வழியாகத்தான் இன்னும் நடமாடுகிறது. அரசு அதை மூடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருப்பித் தருவதில் குழப்பமில்லை: காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும்.

குடியிருப்பவர் பக்கமும் குறை உண்டு. "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று கடைசி மூன்று மாதம் வாடகை தராமல் இருப்பது பலருக்குப் பழக்கம். பிறகு மின்கட்டணமும் உடைந்த வாஷ்பேசினும் பாக்கி நிற்கும்போது பிடிக்க உரிமையாளர் கையில் எதுவும் இருக்காது. வாடகை பாக்கியே வீட்டைக் காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். அதேபோல, கோபத்தில் உரிமையாளர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால், இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் முறையிட்டு உடனே திரும்பப் பெற வழி இருக்கிறது.

இன்னொரு பழைய நம்பிக்கை, 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவே வேண்டாம் என்பது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்ற பதிவுச் சட்ட விதியைத் தாண்டக் கண்டுபிடித்த வழி அது. 2017 சட்டத்தின் 4-ஆம் பிரிவு மாதக் கணக்கைப் பார்ப்பதில்லை. எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அரசின் வாடகை இணையதளத்தில் விண்ணப்பித்தால் பதிவு எண் தருவார்கள். பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் 21-ஆம் பிரிவின்படி அதுவே காலி செய்யக் கேட்கப் போதுமான காரணம். வாய்வார்த்தையில் பதினைந்து வருடமாகக் குடியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குடிபுகும் நாளில் செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. சாமான் இறங்கும் முன் ஒவ்வொரு அறையையும் கூரை, மூலை, தரை என்று வீடியோ எடுங்கள். எல்லாக் குழாயையும் திறந்து, பிளஷ் அழுத்தி, கீஸரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். போர் தண்ணீர் உள்ள இடத்தில் கீஸருக்குள் உப்புப் படிந்து காயில் போவது சகஜம். பழைய காயிலின் சுமை உங்கள் தலையில் விழ வேண்டாம். மின்மீட்டரின் எண்ணைப் படமெடுங்கள். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், நடுவில் வருகிறவர் முன்பிருந்தவர் ஓட்டிய ஏசிக்கும் சேர்த்துக் கட்ட நேரிடும். இரண்டு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால், கூடக் கூட யூனிட் விலையும் ஏறும். இலவச 100 யூனிட்டும் ஒருமுறைதான் கிடைக்கும். அதைப் பங்கிடும் முறையையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

காலி செய்யும் நாளில் அதே வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து ஒரு சுற்று நடங்கள். பிடிக்கும் தொகையை இனம் இனமாக ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகு சாவியைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை.