சைத்தாமாவிலிருந்து ஒரு கடிதம்: பெண் குழந்தைகளின் பொம்மைத் திருநாள்

சைத்தாமா, ஜப்பான்,
மார்ச் 5

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

இங்கு நாங்கள் மூவரும் நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல். குழந்தை நன்றாகப் பால் குடித்து நன்றாக உறங்குகிறாள்.

மார்ச் 3 அன்று இங்கே பெண் குழந்தைகளுக்கான ஹினா மட்சுரி திருநாள். பக்கத்து வீட்டுப் பாட்டி எங்களை அழைத்திருந்தார். சிவப்புத் துணி விரித்த ஏழு படிகளில் 15 பொம்மைகள் வீற்றிருந்ததைக் கண்டதும் எனக்கு நம் வீட்டுக் கொலு நினைவுக்கு வந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமோ! ஆனால் நம் கொலுவில் ஆண்டுதோறும் புதியவர்கள் வந்து சேர்வார்கள். இங்கோ யாருக்கு எந்தப் படி என்பது முன்பே வகுக்கப்பட்டிருக்கிறது. உச்சியில் பேரரசரும் பேரரசியும், அடுத்து மூன்று பணிப்பெண்கள், அதன் கீழ் மத்தளமும் குழலும் ஏந்திய ஐந்து இசைஞர்கள், பின்னர் இரண்டு அமைச்சர்கள், ஐந்தாம் படியில் மூன்று ஏவலர்கள். கடைசி இரு படிகளில் பெட்டிகள், பல்லக்கு, மாட்டு வண்டி முதலான சீர்வரிசை. அந்த ஏவலர்களில் ஒருவர் சிரிக்கிறார், ஒருவர் அழுகிறார், ஒருவர் சினந்திருக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத முகங்கள் அவை.

பாட்டி பழைய தலைநகரான கியோட்டோவில் பிறந்தவர். ஆகவே அவர் வீட்டில் பேரரசர் நமக்கு வலப்புறமாகத் தெரிகிறார். ஒருவருடைய இடக்கைப் பக்கமே உயர்ந்தது என்ற பழைய அரண்மனை மரபை அவர் விடவில்லை. இந்தப் பகுதிக் கடைகளிலோ மேலைநாட்டு வழக்கத்தைப் பின்பற்றி இடம் மாற்றி வைக்கிறார்கள்.

இந்தப் பொம்மைகளை அழகுக்காக மட்டும் வைக்கவில்லை என்பதுதான் என் மனத்தை மிகவும் தொட்டது. முற்காலத்தில் காகிதத்தில் மனித உருவம் செய்து, அதனால் உடலைத் தடவி, நோயையும் தீங்கையும் அதன்மேல் ஏற்றி ஆற்றில் விட்டிருக்கிறார்கள். அந்தச் சடங்கும், அரண்மனைச் சிறுமிகள் ஆடிய பொம்மை விளையாட்டும் காலப்போக்கில் ஒன்றாகி, எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) பட்டுடுத்திய பொம்மைகளாகப் படியேறின. அவை பெரிதாகிக்கொண்டே போனதால், 1721இல் அரசு சுமார் 24 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவற்றைத் தடைசெய்தது. வாகயாமா மாநிலத்து அவாஷிமா கோயிலில் இன்றும் மார்ச் 3 அன்று பொம்மைகளைப் படகில் ஏற்றிக் கடலில் விடுகிறார்கள். இப்படித் தனக்குரிய பெண்ணின் தீங்கைப் பொம்மை ஏற்றுக்கொள்வதால்தான் அக்காள் பொம்மைகளைத் தங்கைக்குக் கொடுப்பதில்லை, ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளுக்கென்றே ஒரு காவல் வேண்டும் என்று பாட்டி விளக்கினார்.

விருந்தில் இளஞ்சிவப்பு, வெள்ளை, பச்சை என மூவண்ண மோச்சி என்னும் அரிசிப் பலகாரமும், மட்டிச் சாறும் இருந்தன. மட்டியின் ஓடு தன் இணையோடன்றி வேறெதனோடும் பொருந்தாது என்பதால் அது நல்ல மணவாழ்வுக்கு அடையாளமாம். திருநாள் முடிந்தபின் பொம்மைகளை எடுத்துவைக்கத் தாமதித்தால் பெண்ணின் திருமணம் தள்ளிப்போகும் என்ற நம்பிக்கையும் உண்டு. பாட்டி மறுநாளே ஒவ்வொன்றையும் மெல்லிய தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தொலைவில் உள்ள இவாட்சுக்கி, பொம்மைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பவுலோனியா மரத்தூளைப் பசையோடு பிசைந்து தலை செய்து, சிப்பி ஓட்டுப் பொடியையும் விலங்குப் பசையையும் குழைத்துப் பல முறை பூசி முகத்தை மெருகேற்றுகிறார்கள். தலை செய்பவர் வேறு, கை செய்பவர் வேறு, ஆடை உடுத்துபவர் வேறு. பேரரசியின் கழுத்தருகே ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் பட்டு அடுக்குகளைப் பார்த்தால், அப்பா, தறிக்காரர் குடும்பத்தில் பிறந்த நீங்கள் அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தையின் முதல் திருநாளுக்குத் தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் பொம்மை வாங்கித் தருவது இங்கே பரவலான வழக்கம். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு அதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதும் உண்டு. நாங்களும் அப்படியே தள்ளிவைத்திருக்கிறோம். எங்கள் வீட்டில் ஏழு படிக்கு இடமில்லை; பேரரசர், பேரரசி இணை மட்டும் போதும். ஜனவரியிலேயே கடைகளில் பொம்மைகள் நிறைந்துவிடும். பொங்கல் முடிந்ததும் நீங்கள் இருவரும் புறப்பட்டு வாருங்கள். இவாட்சுக்கிக்குச் சேர்ந்து போய், முகம் பார்த்து அம்மாவே தேர்ந்தெடுக்கட்டும். பயணச்சீட்டை நாங்கள் எடுத்து அனுப்புகிறோம். கடவுச்சீட்டு காலாவதியாகும் தேதியை மட்டும் பார்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்