சிரித்துக்கொண்டே கடந்தவர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில் வந்த பகடிவதை பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "எங்கள் காலத்தில் கேலியைச் சிரித்துக்கொண்டே கடந்தோம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை." எழுதியவர் எந்தப் பள்ளியில் படித்தாரோ! நான் படித்த பள்ளியில் சிரித்தவர்கள் வேறு, அழுதவர்கள் வேறு.

பட்டர்வொர்த்தில் 22 ஆண்டுகளாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். வண்டிக் கண்ணாடியில் நான் பார்த்த அளவுக்கு எந்தக் கட்டொழுங்கு ஆசிரியரும் பார்த்திருக்க மாட்டார். புகுமுக வகுப்புப் பையன் ஒருவன். ஆறு வருஷம் தமிழ்ப்பள்ளியில் இருந்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வந்தவன், மலாய் பேசினால் தடுமாறுவான். மற்றவர்கள், அதுவும் நம் பிள்ளைகளே, அவனைப் போலப் பேசிக் காட்டுவார்கள். அப்புறம் ஒரு நாள் அவனுடைய காலணியைச் சன்னல் வழியே வீசினார்கள். வண்டியை நிறுத்தி நான்தான் இறங்கி எடுத்து வந்தேன். "என்னடா இது?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல அங்கிள், விளையாட்டு" என்கிறான். மறுநாளிலிருந்து என் சீட்டுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

பள்ளியில் போய்ச் சொன்னேன். "அங்கிள், நீங்க வண்டிய மட்டும் பாத்துக்குங்க" என்று மிக மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். வாசலில் அன்பு வாரம் என்று பெரிய பதாகை தொங்கியது. ஆண்டு முடிவதற்குள் பையன் பள்ளி மாறிவிட்டான். அவர்கள் வைத்த பட்டப்பெயரால் நானும் ஒரு தடவை அவனைக் கூப்பிட்டிருக்கிறேன்; அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

2025 ஜூலை 11 முதல் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 507பி தொடங்கி 507ஜி வரை பகடிவதைக்கென்றே புதிய பிரிவுகள் நடப்பில் இருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2024இல் இணையத்தில் வந்த வசவு தாங்காமல் நம் பெண் ஒருத்தி உயிரை விட்ட பிறகுதானே அந்தப் பேச்சே சூடு பிடித்தது? சிரித்துக் கடந்திருக்கலாமே என்று அந்தத் தாயிடம் போய்ச் சொல்வாரா உங்கள் கட்டுரையாளர்?

அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? உங்கள் நகைச்சுவைப் பகுதியில் வாரம் தவறாமல் ஒரு கறுத்த மணப்பெண், ஒரு குண்டு மனைவி. பின்சீட்டுப் பையன்கள் புதிதாகவா கண்டுபிடிக்கிறார்கள்? சென்ற ஆண்டே இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். நான்கு வரி பிரசுரமானது. நான்கும் தங்கள் இதழைப் பாராட்டிய வரிகள். நன்றி.

சரி, இப்போது கேட்பது ஒன்றுதான். மாணவர் பக்கத்தின் அடியில் 15999 என்ற அரசாங்க உதவி எண்ணை, 24 மணி நேரமும் அழைக்கலாம் என்ற குறிப்போடு, வாராவாரம் கட்டம் கட்டிப் போடுங்கள். இடம் இல்லையென்றால் துணுக்குகளில் ஒன்றை எடுத்துவிடலாம். இந்தக் கடிதத்தையும் சுருக்குவதானால், எண்ணை மட்டுமாவது விட்டுவைக்கவும்.

இப்படிக்கு,
பள்ளி வேன் ஓட்டுநர்,
பட்டர்வொர்த், பினாங்கு