பகுதி சபைப் பதிவேட்டை மக்கள் பார்வைக்கு வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அரசியல் அறிவியலில் முதுகலை பயிலும் மாணவி. நகர உள்ளாட்சியில் குடிமக்களின் பங்கேற்பு குறித்து ஆய்வேடு எழுதுவதற்காகத் தமிழ்நாட்டின் மாநகராட்சி ஒன்றில் பகுதி சபைக் கூட்டங்களுக்கு, அதாவது வார்டின் ஒரு பகுதியில் வசிப்பவர்கள் கூடித் தங்கள் கோரிக்கைகளைச் சொல்லும் கூட்டங்களுக்கு, பார்வையாளராகச் சென்று வந்தேன். அங்கே கண்ட ஒன்றை ஆய்வேட்டுக்குள் மட்டும் எழுதி வைத்துவிட மனம் ஒப்பாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பள்ளி வகுப்பறை ஒன்றில், பிள்ளைகளின் பெஞ்சுகளிலேயே முப்பது பேர் வரை அமர்ந்திருந்தார்கள். எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் தம் மஞ்சப்பையிலிருந்து மனு ஏற்புச் சீட்டுகளை எடுத்து, தேதி வாரியாக மேசைமேல் அடுக்கினார். தெருமுனையில் உள்ள சிறுபாலம் அடைத்துக்கொள்வதால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்பதே அத்தனை மனுக்களிலும் இருந்த செய்தி. முதல் சீட்டில் 2017 என்று இருந்தது. மன்ற உறுப்பினர் எவரும் இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்த காலம் அது. கூட்டத்துக்கு வந்திருந்த பொறியாளர் எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துப் பார்த்துவிட்டு, “இந்தப் பாலம் எங்க கணக்குல இல்லீங்க ஐயா, அது வேற துறை” என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் எந்தத் துறை, அதற்கு யார் எழுதுவது, எத்தனை நாளுக்குள் பதில் வரும் என்பன எதுவுமின்றி, பதிவேட்டில் ‘மனு பெறப்பட்டது’ என்ற இரண்டே சொற்கள் ஏறின. அடுத்த கூட்டத்தில் முந்தைய பதிவை எவரும் வாசிக்கவில்லை. பெரியவர் மறுபடியும் 2017-லிருந்து சொல்லத் தொடங்கினார்.

1993 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகராட்சி அமைப்புகளில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்று 243-எஸ் பிரிவில் கூறியது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் 2022-இல்தான் வெளிவந்தன. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, மாநிலமெங்கும் பகுதி சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த ஏற்பாடு இது என்பதால்தான், அதன் பதிவேடு இப்படிக் கிடப்பது என்னை வருத்துகிறது.

கிராம சபையில் நிறைவேறும் தீர்மானத்துக்கு எண் உண்டு, தேதி உண்டு. ஊர் மக்கள் அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை செல்கிறார்கள். நகரத்தில் வாழ்பவருக்கும் அப்படியொரு தாள் வேண்டும். சொல்லப்போனால் அவருக்குத்தான் அது கூடுதலாகத் தேவை. ஏனெனில் நகரத்தின் ஒரே தெருவில் சாலை ஒருவர் பொறுப்பிலும், மின்கம்பம் இன்னொருவர் பொறுப்பிலும், வாய்க்கால் மூன்றாமவர் பொறுப்பிலும் இருக்கக்கூடும். எந்தக் கதவைத் தட்டுவது என்று கண்டுபிடிப்பதற்குள்ளேயே ஒரு மழைக்காலம் போய்விடுகிறது.

எனவே, பகுதி சபையில் வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எண் இடப்பட்டு, அது எந்தத் துறைக்கு அனுப்பப்பட்டது, என்ன பதில் வந்தது என்பது வரை பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். அந்தப் பக்கங்கள் வார்டு அலுவலகப் பலகையிலும் மாநகராட்சி இணையதளத்திலும் வைக்கப்பட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. குழுக்களின் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதை அரசு அமைப்புகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது.

இதை அவசரமாகக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர மன்றங்களுக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கு மேலாக மக்கள் கொடுத்த மனுக்களின் கதி என்ன என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய பிரதிநிதி எவரும் இல்லை. நான் பார்த்த வார்டில் அந்த ஆண்டுகளின் வரலாறு ஒரு முதியவரின் மஞ்சப்பையில்தான் இருந்தது. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களுக்கும் ஐந்தாண்டுக் காலம்தான் என்பதால், அது முடிவதற்குள், குறைந்தபட்சம் ஒவ்வொரு பகுதி சபைக் கூட்டமும் முந்தைய கூட்டத்தின் பதிவை உரக்க வாசித்துவிட்டே தொடங்க வேண்டும் என்றாவது நகராட்சி நிர்வாகத் துறை ஆணையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முதுகலை மாணவி, அரசியல் அறிவியல்