அட்வான்ஸுக்கே ஆறு மாச சம்பளம் போயிடுது

ஆசிரியருக்கு வணக்கம்,

என் பையன் சென்னை பெருங்குடில வேலை பாக்குறான், சம்பளம் 22 ஆயிரம், ஆபீஸ் பக்கத்துல சிங்கிள் பெட்ரூம் கேட்டா வாடகை 14 ஆயிரம், அட்வான்ஸ் 10 மாசம்ங்கிறாங்க, அதுவும் பேச்சிலர்னா வீடே இல்லயாம். அதனால கூடுவாஞ்சேரில இருந்தே ட்ரெயின், பஸ்னு மாறி மாறி போய்ட்டு ராத்திரி பத்து மணிக்கு வந்து ஷூவக்கூட கழட்டாம கட்டில்ல சாயுறான், பாக்கவே மனசு கேக்கல. 2017 வாடகை சட்டம் அட்வான்ஸ் 3 மாசம்தான்னு சொல்லுது, ஆனா ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா வேற தொகை எழுதிக்கலாம்னு அதுலயே வழியும் விட்டுட்டாங்க, வீடு தேடி அலையுற புள்ளைங்க ஒத்துக்காம என்ன பண்ணும்? 28 வயசாச்சு, பொண்ணு பாக்கலாம்னா "முதல்ல வீடு கிடைக்கட்டும்மா"ங்கிறான். சட்டத்துல விட்ட அந்த வழிய அரசு அடைக்கணும், வேலை இருக்குற ஏரியாலயே வீட்டு வசதி வாரியம் சின்ன சின்ன வாடகை வீடு கட்டித் தரணும்.

- ஒரு அம்மா, கூடுவாஞ்சேரி